ஹோலுப் தாத்தாவுக்கு ஒரு நிமிட மௌனம்

வளைகுடாவில் பிழைக்க வருகிறவனுக்கு அரபி தெரியாவிட்டால் பரவாயில்லை. இந்தி, சூப்பர்மார்க்கெட் வரிசையில் நிற்கும்போதே ஒட்டிக்கொள்ளும். ஆனால் தலையாட்டத் தெரியாதவன் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. எங்கள் கம்பெனியில் எகிப்துக்காரர் ஒருவிதமான ஆங்கிலம் பேசுவார். பிலிப்பைன்ஸ்காரர் இன்னொரு விதம். பட்டான் டிரைவர் பேசுவது ஆங்கிலம் என்று அவரே சொன்னால்தான் தெரியும். மதுரையிலிருந்து போன நான் பேசியது என்ன மொழி என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும். எல்லோரும் எல்லோரிடமும் பேசுவார்கள். பாதி புரிந்ததும் தலையாட்டுவார்கள். மீதியை அவரவர் சௌகரியப்படி ஊகித்துக்கொள்வார்கள். துபாயின் அத்தனை உயரக் கட்டடங்களும் இப்படித்தான் எழுந்தன. (இன்னும் விழாமல் நிற்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம்தான்.)

ஒரே ஒரு முறை இந்தத் தலையாட்டல் என்னைக் கவிழ்த்துவிட்டது. ஒரு நல்ல மனிதரை நான் கொன்றுவிட்டேன். பட்டப்பகலில், பலர் முன்னிலையில், பவர்பாயிண்ட் உதவியுடன்.

துபாயில் மெட்ரோ ரயில் வராத காலம் அது. கட்டடங்களுக்குக் கண்ணாடி மாட்டும் ஒரு கம்பெனியில் நான் டாகுமென்ட் கண்ட்ரோலர். எந்த வரைபடம் யாரிடம் போயிற்று, எது திருத்தத்துக்குத் திரும்பி வந்தது என்று பார்த்துக்கொள்கிற வேலை. அல் குசைஸில் ஒரு படுக்கையறை வீடு. மனைவி கல்யாணிக்குப் பக்கத்திலிருந்த பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. மகள் தீபிகாவுக்கு அங்கேயே எல்.கே.ஜி. சீட். (பிள்ளை வேண்டும் என்று வேண்டியதைவிட அந்த சீட்டுக்காக வேண்டியதுதான் அதிகம்.)

இந்த நேரம் பார்த்து, கம்பெனி மஸ்கட்டில் ஒரு கிளை திறக்கப்போகிறது என்று செய்தி வந்தது. ரூவி என்கிற இடத்தில். ஒரு டாகுமென்ட் கண்ட்ரோலர் அங்கே போயாக வேண்டும். இருந்தது நாங்கள் இரண்டே பேர்: நான், கோட்டயத்துக் குஞ்ஞுமோன். ரூவி ஒன்றும் மோசமான இடமில்லை. நம்மாட்கள் கடைகள் நிறைய, தோசைகூட நன்றாக இருக்கும் என்றார்கள். ஆனால் கல்யாணி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

"நீங்க போங்க. நானும் சீட்டும் இங்கதான் இருப்போம்."

யாரை அனுப்புவது என்று முடிவு செய்ய வேண்டியவர் எங்கள் புராஜெக்ட் டைரக்டர் பாவெல். செக் நாட்டுக்காரர். ஆறடிக்கு மேல் உயரம், சிரிக்கவே மாட்டார், கோபமும் படமாட்டார். அவருடைய ஆங்கிலத்தில் வினைச்சொற்கள் விருந்தாளி மாதிரி, எப்போதாவதுதான் வரும்.

ஒருநாள் ஆபீஸ் பேன்ட்ரியில் நான் டீயில் சர்க்கரை கலக்கிக்கொண்டிருந்தபோது பாவெல் வந்தார். பர்ஸிலிருந்து ஒரு சின்னக் கறுப்பு வெள்ளை போட்டோவை எடுத்து என்னிடம் நீட்டினார். ராணுவ உடுப்பில் ஒரு வாலிபன். தலையில் படகு மாதிரி ஒரு தொப்பி, முகத்தில் பாதியை எடுத்துக்கொண்ட மூக்கு.

"என் மனைவி இவாவுக்குத் தாத்தா" என்றார். "யுத்தம். பாம்பர் விமானம். பிரிட்டிஷ்காரர்களோடு."

"ஓ! இப்ப அவர் சார்?" என்று கேட்டேன்.

பாவெல் பெருமூச்சு விட்டார். "யுத்தத்துக்கு அப்புறம் ரொம்பக் கஷ்டம். பிறகு சைலன்ட். ஃபார்ட்டி இயர்ஸ், சைலன்ட்."

நான் தலையாட்டினேன். நம் ஊர்ச் சுவர்களில் பார்த்திருப்பீர்கள். இயற்கை எய்தினார், இறைவனடி சேர்ந்தார், மீளாத் துயில் கொண்டார் என்று எழுதுவோமே தவிர, செத்துப்போனார் என்று மட்டும் எழுத மாட்டோம். செக் நாட்டில் 'சைலன்ட்' என்பார்கள் போலிருக்கிறது, நாகரிகமான ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டேன். போய் நாற்பது வருடமாகிவிட்டது, பாவம்.

"ஜனவரியில் அவர் பிறந்தநாள்" என்றார் பாவெல். "என் வில்லாவில் எல்லாரும் சேருவோம். தாத்தாவின் யுத்தத்தைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. நீ இன்டர்நெட்டில் கெட்டிக்காரன். கண்டுபிடித்துச் சொல்ல முடியுமா? இவாவுக்கு சர்ப்ரைஸ்."

செத்தவர்களுக்குப் பிறந்தநாள் கொண்டாடுவது நமக்குப் புதிதா என்ன? தலைவர்களுக்கு ஜெயந்தி கொண்டாடிக் கொண்டாடி வளர்ந்தவன் நான். இன்னொரு முறை பலமாகத் தலையாட்டினேன். கண்ணுக்கு எதிரே ரூவி மெல்ல மெல்ல மறைவதும், குஞ்ஞுமோன் பெட்டி கட்டுவதும் தெரிந்தது.

போட்டோவின் பின்னால் 'பி. ஹோலுப்' என்று எழுதியிருந்தது. "ஹோலுப் என்றால் எங்கள் மொழியில் புறா" என்றார் பாவெல். குண்டு போடுகிறவருக்குப் புறா என்று பெயர். எனக்கு அப்போதே அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று.

அன்றிலிருந்து மதிய இடைவேளையெல்லாம் ஆராய்ச்சிதான். பாம்பர், குண்டுகளின் எடை, ராடார் கண்ணில் படாமல் பறப்பது எப்படி என்று ஆபீஸ் கம்ப்யூட்டரில் தேடித் தள்ளினேன். மூன்றாவது நாளே ஐ.டி. பிரிவு இர்ஃபான் பாய் என் மேஜைக்கு வந்து, நாற்காலியை நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். லாகூர்க்காரர், மென்மையானவர்.

"முரளி பாய், வீட்ல எல்லாரும் சௌக்கியம்தானே?"

"சௌக்கியம் பாய்."

"யார் மேலயாவது கோபமா?"

"இல்லையே."

"பின்ன ஏன் பாய் வெடிகுண்டு பத்தி இவ்வளவு படிக்கிறீங்க? நீங்க தேடுறதெல்லாம் என் பேர்ல ரிப்போர்ட்டா போகும். எனக்கும் மூணு பிள்ளைங்க."

புறாவின் போட்டோவைக் காட்டி அவரைச் சமாதானப்படுத்தினேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார். (ஆனால் அந்த மாதம் முழுக்க லிஃப்ட்டில் என்னோடு தனியாக ஏறவில்லை.)

ஹோலுப் இருந்தது பிரிட்டிஷ் விமானப்படையில் செக் வீரர்களே ஓட்டிய ஒரு பாம்பர் பிரிவு என்று தெரிந்தது. நாட்டை ஜெர்மனி பிடித்துக்கொண்டதும் இந்தப் பிள்ளைகள் எல்லை தாண்டி, ரயில் மாறி, கப்பல் ஏறி இங்கிலாந்து போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். வெலிங்டன் என்கிற விமானத்தில் இரவில் பறந்து ஜெர்மனியில் குண்டு போட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். பல பேர் திரும்பவில்லை. எங்கள் அப்பாவுக்குச் சைக்கிளில் வைகைப் பாலம் தாண்டினாலே படபடப்பு வரும். நான் அந்தப் பரம்பரை. வாய் பிளந்து படித்தேன்.

பழைய விமானங்களைப் பற்றிப் பேசுகிற ஓர் இணைய அரட்டைக் குழுவில் சேர்ந்து ஒரு விண்ணப்பம் போட்டேன். 'மதிப்பிற்குரிய ஐயா, பி. ஹோலுப் என்னும் பாம்பரின் முழு வாழ்க்கையையும் இவ்வார இறுதிக்குள் தந்துதவுமாறு பணிவன்புடன் கோருகிறேன்' என்பதுதான் அதன் சாரம். ஓய்வுபெற்ற ஆங்கிலேயர் ஒருவர் பதில் போட்டார். 'பி என்பது எந்தப் பெயரின் முதலெழுத்து என்று முதலில் விசாரியுங்கள். இது முக்கியம்' என்றார்.

நான் சிரித்துக்கொண்டேன். இனிஷியல் என்றால் அப்பா பெயர். நான் எஸ். முரளி, எஸ் என்பது சுப்பையா. ஹோலுப்பின் அப்பா பேர் பாபுவாக இருந்தால் என்ன, பாஸ்கரனாக இருந்தால் என்ன? வெள்ளைக்காரருக்கு வேலையில்லை என்று விட்டுவிட்டேன்.

நான் தேடியது சீக்கிரமே கிடைத்தது. போரில் இறந்த விமானிகளுக்கான நினைவுப் பக்கம் ஒன்றில் 'பி. ஹோலுப்' இருந்தார். அதே பிரிவு, அதே வெலிங்டன். ஜெர்மனியிலிருந்து திரும்பும் வழியில் விமானம் கடலில் விழுந்திருக்கிறது. உடல் கிடைக்கவில்லை. ஆபீசில் உட்கார்ந்தபடியே எனக்குக் கண் கலங்கிவிட்டது. குஞ்ஞுமோன் எட்டிப் பார்த்து, "எந்தாடா, ரூவி ஆர்டர் வந்துட்டதா?" என்றார்.

நான் கொஞ்சம் யோசித்திருக்கலாம். யுத்தத்தில் கடலில் விழுந்தவருக்கு, யுத்தத்துக்கு அப்புறம் கஷ்டம் எப்படி வரும்? நாற்பது வருடக் கணக்கு எங்கே இடிக்கிறது? யோசிக்கத்தான் செய்தேன். பாவெலின் ஆங்கிலம் அப்படி, முன்னே பின்னே சொல்லியிருப்பார் என்று ஒரே நிமிடத்தில் தீர்த்துவைத்தேன். உடனே அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். போட்டோவைப் பெரிதாக்க வேண்டுமே!

கராமா பகுதியில் ஒரு மலையாளியின் ஸ்டூடியோ. போட்டோவைப் பார்த்ததும் கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "மரிச்சு போயோ?" என்பதுதான். ஆமாம் என்றேன். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை. அவர் கை தானாக வேலை செய்தது. கறுப்பு வெள்ளைக்குக் கலர் அடித்தார். உடுப்பைக் காக்கியாக்கி, தாத்தாவைத் தல்லாகுளம் போலீஸ் ஸ்டேஷன் சப்-இன்ஸ்பெக்டர் போல ஆக்கினார். பின்னால் நீலவானம், வெண்மேகம், தலையைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம். தங்க நிறச் சட்டம். பக்கத்துக் கடையில் சந்தனச் சீவல் மாலை ஒன்று வாங்கிச் சட்டத்துக்கு மாட்டிப் பார்த்தேன்.

ஜனவரி மாதத்து வெள்ளிக்கிழமை மதியம். துபாயில் வெயில் இதமாக அடிக்கிற ஒரே பருவம். பாவெலின் வில்லாத் தோட்டத்தில் மேஜைகள் போட்டிருந்தார்கள். செக் குடும்பங்கள் சில, எங்கள் ஆபீஸ் கூட்டம், இர்ஃபான் பாய், தூரத்தில் ஒரு தட்டோடு குஞ்ஞுமோன். கல்யாணி பட்டுப்புடவையில் வந்திருந்தாள். நான் கோட்டு போட்டிருந்தேன்.

ஓரத்துக் குடையின் கீழ் ஒரு முதியவர், கைத்தடியும் காதில் மெஷினுமாக உட்கார்ந்திருந்தார். இவா என்னைக் கூட்டிக்கொண்டு போய், "திஸ் இஸ் டியெடா" என்றாள். டியெடா என்றால் செக் மொழியில் தாத்தா என்று பிற்பாடுதான் தெரிந்தது. நான் அது அவர் பெயர் என்று எடுத்துக்கொண்டேன்.

"ஹலோ மிஸ்டர் டியெடா" என்று கை கொடுத்தேன். அவர் குறும்பாகப் பார்த்தார்.

கல்யாணி என் முழங்கையைக் கிள்ளினாள். "ஏங்க, இந்தத் தாத்தா மூக்கும் போட்டோல இருக்கிற மூக்கும் ஒண்ணா இருக்கே?"

"குடும்ப மூக்கு. தம்பியா இருக்கும்" என்றேன். இவ்வளவு விவரமான எனக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியாதா? திரும்பிப் போய் முதியவரின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "பெரிய இழப்பு சார். ஈடு செய்யவே முடியாது" என்றேன்.

அவர் காது மெஷினைத் திருகினார். எதை நினைத்தாரோ, "ஆமாம், ஆமாம். வயசாகிவிட்டது" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். அவர் எனக்கு ஆறுதல் சொன்னதாக நினைத்து நெகிழ்ந்துபோனேன்.

பாவெல் எழுந்து, "முரளி. சர்ப்ரைஸ்" என்று இரண்டே சொல்லில் வரவேற்புரையை முடித்தார்.

நான் போட்டோவை மூடியிருந்த துணியை விலக்கினேன். செக் நாட்டுக்காரர்கள் "ஆ!" என்று கை தட்டினார்கள். அவர்களுக்கு மாலை என்றால் மரியாதை. ஆபீஸ் இந்தியர்கள் மட்டும் கையிலிருந்த கேக்கைத் தட்டில் வைத்துவிட்டார்கள். குஞ்ஞுமோன் தன்னையறியாமல் சிலுவை போட்டுக்கொண்டார்.

பிறகு பவர்பாயிண்ட். எழுத்துகள் ஒவ்வொன்றாக 'விர்ர்' என்ற சத்தத்தோடு பறந்து வந்து உட்கார்ந்தன. வெலிங்டன் விமானம் இடப்பக்கம் புகுந்து வலப்பக்கம் மறைந்தது. பின்னணியில் சோகமான புல்லாங்குழல். நான் உருகி உருகிப் பேசினேன். நாட்டை விட்டு ஓடிய வாலிபன். கப்பல். குளிர். இருட்டு. கடைசி ஸ்லைடில் கடல். அலைகள் அசையும்படி செய்திருந்தேன். "அந்தக் கடலில்தான் நம் பி. ஹோலுப் வீழ்ந்தார். அவருக்குக் கல்லறைகூட இல்லை" என்றேன்.

செக் நாட்டுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவெலின் முகம் வெள்ளையிலிருந்து சிவப்புக்கும், சிவப்பிலிருந்து இன்னதென்று சொல்ல முடியாத ஒரு நிறத்துக்கும் போயிற்று. துக்கத்தை அடக்குகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

"அந்த மாவீரருக்காக எல்லோரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் அனுசரிப்போம்."

நாற்காலிகள் நகரும் சத்தம். நான் கண்ணை மூடுவதற்கு முன்னால் கடைசியாகப் பார்த்தது, குடையின் கீழ் இருந்த முதியவர் தடியை ஊன்றி எழுந்ததைத்தான். எழுந்தவர் தடியை நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு, இரு கைகளையும் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு விறைப்பாக நின்றார். தம்பிக்கு எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டே கண்ணை மூடினேன்.

"நன்றி. அமரலாம்" என்றேன். எல்லோரும் உட்கார்ந்தார்கள். அவர் மட்டும் உட்காரவில்லை.

"இளைஞரே, ஒரே ஒரு கேள்வி" என்றார், நான் அதுவரை துபாயில் கேட்டிராத சுத்தமான ஆங்கிலத்தில். "அந்தக் கடலில் விழுந்தவன் பேர் பி. ஹோலுப்தானே?"

"ஆமாம் சார். உங்க அண்ணன்."

"எனக்கு அண்ணன் கிடையாது. நான்தான் பி. ஹோலுப்."

அடுத்த ஒரு நிமிட மௌனம், யாரும் அறிவிக்காமலே நடந்தது. புல்லாங்குழல் மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது. அதை எப்படி நிறுத்துவது என்று எனக்கு மறந்துபோயிற்று.

"என்டெ கர்த்தாவே" என்றார் குஞ்ஞுமோன்.

முதலில் அசைந்தவள் கல்யாணி. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய்ப் போட்டோவிலிருந்து மாலையைக் கழற்றப் பார்த்தாள். கையில் ஊக்கு குத்திக்கொண்டதுதான் மிச்சம். (அவ்வளவு உறுதியாகக் கட்டியிருந்தேன்.) என் வாயிலிருந்து "சாரி சார், சாரி சார்" தவிர எதுவும் வரவில்லை. மனசுக்குள் அந்த நேரத்திலும் ஓடியது ஒரே விஷயம்: ரூவியில் வீட்டு வாடகை எவ்வளவு இருக்கும்?

முதியவரின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, இவா தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

"அம்மா, மாலை இருக்கட்டும். எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது" என்றார் கல்யாணியிடம். பிறகு திரையில் அசைந்துகொண்டிருந்த கடலையே கொஞ்ச நேரம் பார்த்தார். சிரிப்பு மெல்ல வடிந்தது.

"அது பெட்ரிக்" என்றார். "பெட்ரிக் ஹோலுப். நான் பொகுமில் ஹோலுப். ஒரே பிரிவில் இரண்டு புறா, இரண்டும் பி. உறவுகூட இல்லை. எனக்குத் தபாலில் வந்த கேக்கை அவன் தின்றான். அவனுக்குக் காய்ச்சல் என்று எனக்கு ஊசி போட்டார்கள். அவன் சண்டை போட்டதற்கு நான் தண்டனையாகக் கழிவறை கழுவினேன். ஒருநாள் அவன் விமானம் திரும்பவில்லை. செத்தது நான் என்று நினைத்து, பறந்து திரும்புகிறவர்களுக்குத் தருகிற முட்டையைச் சமையல்காரர் எனக்கு எடுத்து வைக்கவில்லை. இன்று இரண்டாவது தடவை."

இவா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பெட்ரிக் என்ற பெயரை அவள் அதுவரை கேட்டதே இல்லை. எங்களில் யாருக்கும் தெரியாத மீதியைப் பாவெல்தான் மெதுவாகச் சொன்னார். யுத்தம் முடிந்து ஊர் திரும்பியபோது அந்த விமானிகளைக் கொண்டாடினார்களாம். சில வருடங்களில் ஆட்சி கம்யூனிஸ்டுகள் கைக்கு மாறியதும், இங்கிலாந்துக்காகப் பறந்தவர்கள் எல்லாம் சந்தேகத்துக்குரியவர்கள் ஆகிவிட்டார்கள். ஹோலுப்புக்கு செங்கல் சுமக்கும் வேலைதான் கிடைத்தது. யுத்தத்தைப் பற்றி வாய் திறந்தால் பிள்ளைகளின் படிப்புக்கு ஆபத்து. அதனால் வாயை மூடிக்கொண்டார். நாற்பது வருடம். காலம் மாறிப் பேசலாம் என்று ஆனபோது, பேசுகிற பழக்கமே அவரிடம் போய்விட்டிருந்தது.

சைலன்ட் என்றால் அதுதான். சைலன்ட் என்பதைத் தவிர வேறு அர்த்தமே இல்லை.

"பெட்ரிக்கிற்காக யாரும் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை" என்றார் ஹோலுப் தாத்தா. "இத்தனை வருடத்தில் இன்றுதான். அதனால் உம்மை மன்னித்துவிட்டேன். ஆனால் என் உடுப்பு நீலம். இந்தக் காக்கியை யார் அடித்தது?"

சனிக்கிழமை காலை ஆபீசில் பாவெல் கூப்பிட்டு அனுப்பினார். பாஸ்போர்ட் காப்பியைக் கையோடு எடுத்துக்கொண்டு போனேன். எப்படியும் விசாவுக்குக் கேட்பார்கள்.

"முரளி, நேற்று மிக மோசம்" என்றார்.

"யெஸ் சார்."

"நேற்று மிக நல்லதும். இரவுச் சாப்பாட்டில் தாத்தா பேசினார். காலையில் காபியோடு பேசினார். இன்னும் பேசுகிறார். நிறுத்தவில்லை. இவா அழுகிறாள், சிரிக்கிறாள். தாத்தா சொன்னார், என்னைப் புதைத்தவன் வந்து ஒழுங்காக எழுதட்டும் என்று. அவர் ஊர் திரும்பும்வரை எல்லா வெள்ளிக்கிழமையும் நீ வா."

"அப்ப ரூவி சார்?"

"குஞ்ஞுமோன்" என்றார். கலாஸ், அவ்வளவுதான். (குஞ்ஞுமோன் இன்றும் ரூவியில்தான் இருக்கிறார், நல்ல வீடு, நல்ல கார், மஸ்கட்டை விட்டு வரமாட்டேன் என்கிறார். எனக்கு ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை.)

அந்தக் குளிர்காலம் முடியும்வரை வெள்ளிக்கிழமை தோறும் டேப் ரெக்கார்டரும் கல்யாணி சுட்டுக் கொடுத்த மெதுவடையுமாகப் போனேன். தாத்தா வடையை முதலில் இனிப்புப் பண்டம் என்று நினைத்துக் கடித்து, மிளகு பட்டதும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு வடை வராத வாரம் கதையும் வரவில்லை. நான் புரியாமல் தலையாட்டினால் கண்டுபிடித்துவிடுவார். தடியால் தரையைத் தட்டி, "இப்போது நான் என்ன சொன்னேன்?" என்பார். அப்படித் தட்டியும் தப்பு நடந்தது. விமானத்தைச் சுடும் பீரங்கிக் குண்டுகளை அவர் 'ஃப்ளாக்' என்றார். நான் 'அந்நகரின் மேல் ஏராளமான கொடிகள் எழுந்தன' என்று எழுதிக்கொண்டு போனேன். அதைப் படித்துவிட்டு, "இவ்வளவு வரவேற்பு எனக்கு அங்கே கிடைக்கவில்லையே" என்றார்.

அவர் வயர்லெஸ் ஆபரேட்டராம். அந்தக் காலத்து பாம்பர் விமானங்களில் கூடையில் நிஜப் புறாவையும் கொண்டுபோவார்களாம். கடலில் விழுந்தால் புறா பறந்துபோய்ச் செய்தி சொல்லும். அந்தக் கூடையைப் பார்த்துக்கொள்வதும் இவர் வேலைதான். "ஏறும்போது 'உள்ளே எத்தனை புறா?' என்று கேட்பார்கள். 'இரண்டு' என்பேன். குளிரில் ரெண்டு பேருமே நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அதற்கு இறகே கம்பளி. எனக்குக் கையுறைகூட ஓட்டை." கீழே எரிகிற ஊரைப் பற்றிக் கேட்டால் மட்டும் அவருக்குச் சிரிப்பு வராது. "கீழேயும் ஆட்கள் இருந்தார்கள்" என்பார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசமாட்டார். நானும் கேட்கவில்லை.

எல்லாவற்றையும் எழுதி, ஆபீஸ் மெஷினில் நகலெடுத்து, சுருள் கம்பி போட்டு ஒரு சின்னப் புத்தகமாக்கிக் கொடுத்தேன். இவா அதைச் செக் மொழியில் மாற்றினாள். அதன் ஒரு பகுதி முழுக்க பெட்ரிக்கைப் பற்றியது. அடுத்த கோடையில் பாவெலும் இவாவும் தாத்தாவைக் கூட்டிக்கொண்டு இங்கிலாந்து போனார்கள். கல்லறை இல்லாத விமானிகளின் பெயர்களைப் பொறித்த சுவரில் பெட்ரிக்கின் பெயரைத் தேடிப் பிடித்து, கராமாவில் நான் வாங்கிய சந்தன மாலையை அதன் கீழே வைத்தார்களாம். அதன் போட்டோவை அனுப்பியிருந்தார்கள். தாத்தா பக்கத்தில் விறைப்பாக நிற்கிறார். மூக்கு மட்டும் வெயிலில் சிவந்திருக்கிறது.

இந்தக் கதை அல் குசைஸிலிருந்து மதுரைக்குப் போய்ச் சேர எத்தனை நாள் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? கல்யாணி விருந்தன்று சாயங்காலமே போன் கார்டு வாங்கிவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் என் வாயால் சொல்லும் எந்த மரணமும் செல்லுபடியாவதில்லை. யாராவது உடம்புக்கு முடியாதவரைப் பற்றி விசாரித்தால், "அவருக்கென்ன, மௌன அஞ்சலிக்கு அவரே எழுந்து நிக்கிற அளவுக்கு இருக்கார்" என்பான் என் மைத்துனன். தீபிகா இப்போது வேலைக்குப் போகிறாள். நான் நாற்காலியில் கண்ணயர்ந்தால் பக்கத்தில் வந்து, "அம்மா, அப்பா சைலன்ட் ஆயிட்டாங்க!" என்று கத்துகிறாள்.

நாங்கள் துபாயை விட்டு வருவதற்குக் கொஞ்ச காலம் முன்பு ஒருநாள் காலை, பாவெலிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அவர் அப்போது பிராக் நகருக்கே திரும்பிப் போய்விட்டிருந்தார். இரண்டே வரி. தாத்தா தூக்கத்திலேயே போய்விட்டார் என்று இருந்தது. நான் அதை நாலைந்து தடவை படித்தேன். சமையலறைக்குப் போய்க் கல்யாணியிடம் சொன்னேன். அவள் தோசைக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே, "நல்லா விசாரிச்சீங்களா?" என்றாள். கேலிக்காகக் கேட்கவில்லை. அவள் கண் நிறைந்திருந்தது.

விசாரிக்கவில்லை என்பதே அப்போதுதான் உறைத்தது. உடனே பிராகுக்கு போன் போட்டேன். பாவெல் எடுத்தார். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் திணறினேன். நான் கேட்க வந்தது அவருக்குப் புரிந்துவிட்டது. அந்தச் சிரிக்காத மனிதர் அன்றைக்குச் சிரித்தார், கொஞ்சம் உடைந்த குரலில்.

"இந்த முறை சரி, முரளி" என்றார். "இப்போது எழுந்து நிற்கலாம்."